மாடன் முளைத்த விளை

நாகம்மை வாங்கிப் போட்டிருந்த விளைநிலத்தில் அந்த வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஒரு சாமி நின்றிருந்தது.

வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டக் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கும் தேங்காயுமாக அவள் அங்கே வந்து சேர்ந்தாள். நிலத்தின் தென்மேற்கில், கன்னிமூலையில், நேற்று வரை தாழையும் இண்டும் பின்னிக் கிடந்த புதர் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. புதர் இருந்த இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு பீடம். எண்ணெய் ஊறிக் கறுத்து, மேலே கூம்பி, முன்னால் இலை போட்டுப் பழமும் சுருட்டும் படைத்திருந்தது. சுடலைமாடன் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கொத்தனார் கரண்டியையும் மட்டப்பலகையையும் திரும்பச் சாக்கில் போட்டுக் கட்டினார்.

"சாமி நிக்க இடமாக்கும் தாயி. நான் கை வைக்க மாட்டேன்."

அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அந்த மூலையில் நட்டிருந்த எல்கைக்கல்லும் இல்லை என்பதை நாகம்மை அதற்குப் பிறகுதான் கவனித்தாள். தேங்காயை உடைப்பதா, திரும்பக் கொண்டுபோவதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் நாகர்கோவிலில் வக்கீல் ராகேலின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். கொல்லம் ஆண்டு 1128, அதாவது 1953, தை மாதம். அந்தக் காலத்தில் பெண் வக்கீலைப் பார்க்கவே கோர்ட்டு வாசலில் கூட்டம் கூடும். ராகேல் உபதேசியார் மகள், முப்பத்தைந்து வயது, கறுப்புக் குடை, தடித்த கண்ணாடி. அவளுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதைப் பற்றி ஊரில் பல அபிப்பிராயங்கள் உண்டு. அவளிடம் குறுக்கு விசாரணைக்கு நின்றவர்களுக்கு மட்டும் ஒரே அபிப்பிராயம்தான்.

"நீங்க எழுதித் தந்த ஆதாரம் கொள்ளாமா, கொள்ளாதா?" என்று கேட்டாள் நாகம்மை.

"கொள்ளாம். எந்தக் கோர்ட்டுலயும் செல்லும். ஏன்?"

"எடத்துல சாமி இருக்குன்னு அதுல ஒரு வரி இல்லியே."

ராகேல் முழுவதையும் கேட்டாள். போன ஆவணியில் பகவதியப்பன் தன் நிலத்தில் சாலையோர முன்பாதியை நாகம்மைக்கு விற்றார். பின்பாதித் தென்னந்தோப்பை அவரே வைத்துக்கொண்டார். கிரய ஆதாரத்தை, அந்தப் பத்திரத்தை, எழுதியது ராகேல்தான். 'நடைவழி, வண்டிவழி, நீர்வழி' என்று எல்லா ஆதாரத்திலும் வருகிற அந்த வரியை வாசித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"நீங்க வழி வழின்னு அடுக்கிக்கிட்டே போனிய. எனக்கு ஒண்ணும் விளங்கல்ல. பின்பக்கத்துக்கு வழி வைக்கணுமான்னு கேட்டதுக்கு, சானல்கரை இருக்கப்ப அது என்னத்துக்குன்னு அண்ணாச்சி சிரிச்சாரு. அது மட்டும் நினைவிருக்கு" என்றாள் நாகம்மை.

"கோர்ட்டுல தடை வாங்கலாம்."

"வாங்குங்க. கோர்ட்டு சொன்னா மாடன் கேப்பாரா?"

ராகேல் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீங்க கேசு ஜெயிச்சுத் தந்தாலும், சாமி நிக்க எடத்துல நான் அடுப்பு மூட்ட மாட்டேன். கோட்டாத்துல கடையை ஒழிச்சுத் தரச் சொல்லியாச்சு. பங்குனிக்குள்ள போவணும். ரெண்டு வீடு கெட்டி, ஒண்ணுல சோத்துக்கடை நடத்தி, மத்ததை வாடகைக்கு விடலாம்னு நினைச்சேன். காதுல கழுத்துல கிடந்தது எல்லாம் அந்த விளைக்குள்ள போயாச்சு. எனக்கு வேற போக்கிடம் இல்லை."

நாகம்மை அழவில்லை. அழுதிருந்தால் ராகேலுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆதாரம் எழுதியவள் என்ற முறையில் அவளுக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருந்தது.

"நாளைக்கு வாறேன். வந்து பாப்போம்" என்றாள்.

சனிக்கிழமை காலை வட்டக்கோட்டை போகும் சாலையில் இருவரும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். இறங்கின இடத்தில் ஊர்ப் பொதுவான மாடன் கோயில் இருந்தது. பழைய கோயில், அதற்கு ஒரு பெரிய ஆலமரம். பாதை கோயில் முன்பாக நேரே போயிற்று. ராகேல் அதில் கால் வைத்தாள்.

"இந்தப் பக்கமா வாங்க" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள் நாகம்மை. குரலைத் தாழ்த்தி, "எனக்கு இன்னைக்கு விடியக்காலம் வீட்டுக்குத் தூரமாயிட்டு. அந்த வழி வரப்பிடாது" என்றாள்.

கோயிலை விட்டு விலகி இன்னொரு தடம் வளைந்து போனது. தேய்ந்து, வெளுத்து, புல் முளைக்காத தடம். கோயிலின் அந்தப் பக்கம் போய் அது மறுபடி பெரிய பாதையில் சேர்ந்தது. இரண்டு குடத்துக்காரிகள் எதிரே அதில்தான் வந்தார்கள்.

நாகம்மையின் விளைக்கும் ஓர் ஒற்றையடிப்பாதை இருந்தது. சாலையில் தொடங்கி, விளையின் மேற்கு ஓரமாகவே போய், கன்னிமூலையைத் தொட்டு, பகவதியப்பனின் தோப்போரமாக சானல் என்கிற பாசனக் கால்வாய்க்கு இறங்கியது. ஊர்ப் பெண்கள் தண்ணீருக்கும் குளிக்கவும் போகிற வழி. நூல் பிடித்தாற்போல நேராகக் கிடந்தது. அதற்கு இரண்டு கை தூரத்தில் மாடன் நின்றார்.

நாகம்மை தள்ளியே நின்றுகொண்டாள். ராகேல் பக்கத்தில் போனாள். பீடத்தில் எறும்பு சாரி சாரியாக ஏறிக்கொண்டிருந்தது. இலையில் கிடந்த பழத்தை அது சட்டை செய்யவில்லை. எண்ணெய் படாத ஒரு விரிசலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"எறும்புகூடக் கும்பிட வருது பாத்தியளா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சுடலையாண்டி. ஊர்க் கோயில் கொடைவிழாவில் மாடன் ஏறி ஆடுகிற கோமரத்தாடி. பகவதியப்பன் தோப்பில் ஓர் ஓலைக்குடிசை போட்டு இருக்கிறவர்.

"புதரை வெட்டினது யாரு?"

"நானாக்கும். சொப்பனத்துல வந்து, முகம் மறைச்சுக் கிடக்கு, வெட்டுலேன்னு சொன்னாரு."

"இதுக்கு முன்ன இங்க சாமி இருந்தது யாருக்குத் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். எங்க தாத்தா காலந்தொட்டு வெள்ளிக்கு வெள்ளி விளக்கு உண்டு. புதருக்குள்ள கையை விட்டு நான்தான் வைப்பேன்."

"கல்லு எங்க?"

"எந்தக் கல்லு?"

கேட்டுவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார். அப்போது குடத்தோடு நான்கு பெண்கள் பாதையில் வந்தார்கள். மூன்று பேர் பீடத்துக்கு நேரே வந்ததும் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். நான்காவது பெண் நின்றாள். பாதையை விட்டு இறங்கி, முள்ளுக்குள் புகுந்து, சேலை கிழிய, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஏறினாள்.

"இங்க மாடன் பண்டே உண்டுமா மக்கா?" என்று ராகேல் அவர்களிடம் கேட்டாள்.

"இருக்கும், இருக்கும்" என்றார்கள். சாமியை இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

கேட்டுக்கொண்டு நின்ற சுடலையாண்டிக்கு உடம்பு குலுங்கத் தொடங்கியது. கண் செருகியது. நாகம்மை தூரத்தில் நின்றபடியே கைகூப்பினாள்.

"ஏட்டி... எம் மண்ணை வாங்கினவளே... ரோட்டுல இருந்து எம் மூலை வரைக்கும் எனக்கு வண்டிவழி விடணும்... விட்டா வாழுவே... விடல்லன்னா வீடு நிக்காது."

நாகம்மையின் முகம் வெளுத்துவிட்டது. ராகேல் குடையை விரித்தாள். வெயில் அப்படியொன்றும் இல்லை. யோசிக்கும்போது குடையை விரிப்பது அவள் வழக்கம்.

கிழக்குப் பக்கத்து நிலம் யூஜினுடையது. ராகேலின் சபைக்காரன், வாய்த்துடுக்கு உள்ளவன். நாகம்மையின் இடத்தைத் தானே வாங்கவேண்டும் என்று நடையாய் நடந்து கிடைக்காமல் போனவன். நாகம்மைக்கு அவன் மேல்தான் சந்தேகம்.

"இந்தப் பீடம் உனக்குத் தெரியுமா யூஜின்?" என்று ராகேல் கேட்டாள்.

"நான் வேதக்காரன் அக்கா. எனக்கு மாடன் எதுக்கு?"

"இடம் வேணுமே உனக்கு."

"வேணும். பயந்து வித்தா வாங்குவேன். ஒளிச்சு என்ன? ஆனா கெட்டினது நான் இல்லை. எங்கிட்ட இருந்து களவு போயிருக்கு, அதை முதல்ல கேளுங்க."

மதில் கட்ட நீற்றி வைத்திருந்த சுண்ணாம்பைக் காட்டினான். குவியலில் ஒரு பக்கம் வழித்தெடுத்தது போலப் பள்ளமாக இருந்தது.

"எப்ப போச்சு?"

"வியாழக்கிழமை நான் சந்தைக்குப் போயிட்டு வந்தப்ப."

"யாருகிட்ட சொன்னே?"

"ஒரு கூடை சுண்ணாம்புக்கு போலீசுக்கா போவாவ?"

பகவதியப்பன் தோப்பில் கயிற்றுக்கட்டிலில் இருந்தார். எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, இளநீர் வெட்டச் சொன்னார். கோயில் காரியங்களில் முன் நிற்கிறவர். பேச்சில் எண்ணெய் போட்ட மாதிரி ஒரு வழவழப்பு உண்டு.

"விக்கும்போது சாமி இருக்குன்னு ஏன் சொல்லல்ல அண்ணாச்சி?"

"புதருக்குள்ள கிடந்ததை நான் கண்டேனா வக்கீலம்மா? சுடலையாண்டி விளக்கு வைப்பான்னு கேட்டிருக்கேன். இந்தப் பிள்ளைக்கு இப்படி வந்துட்டேன்னு எனக்கு ராத்திரி உறக்கம் இல்லை."

"இப்ப என்ன செய்யலாம்?"

"சாமியோட மல்லுக்கட்ட முடியுமா? கேக்கதை விட்டுக் குடுத்துட்டு, மீதியில வீட்டைக் கெட்டட்டு. எனக்கு இதுல ஒரு லாபமும் இல்லை."

இளநீரைக் குடித்தபடி ராகேல் தோப்பைப் பார்த்தாள். மரத்தடியில் தேங்காய் மலைபோலக் குவிந்து கிடந்தது. அடியில் கிடந்தவை முளைவிட்டு, பச்சைக் குருத்து ஒரு முழம் வளர்ந்திருந்தது.

"காய் முளைச்சுப் போச்சே அண்ணாச்சி."

"சுமக்க ஆள் கிடைக்கல்ல."

திரும்பும்போது அவள் சானல் வரைக்கும் போய்ப் பார்த்தாள். ஐப்பசி மழையில் கரை உடைந்து, வண்டி போன தடம் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் சரிந்திருந்தது. மனுஷர் ஒருவர் பின் ஒருவராக நடந்து போகலாம். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ராகேல் சபைக் கோயிலுக்குப் போனாள். போதகர் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் எல்லோரையும் பீடத்தின் முன்னால் கூட்டினாள். பகவதியப்பன், சுடலையாண்டி, யூஜின், வேடிக்கை பார்க்க ஊரில் ஒரு பத்துப் பேர். நாகம்மை சாலையோரத்தில் தனியாக நின்றாள்.

"இங்க வாங்க நாகம்மை" என்றாள் ராகேல்.

"வரப்பிடாது. நீங்க பேசுங்க."

"ஏன் வரப்பிடாது?"

நாகம்மை ஆண்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். "இன்னைக்கு மூணாம் நாளு" என்றாள் மெதுவாக.

"மாடன் முன்னால அப்படி நடக்கப்பிடாது. உள்ளதா சுடலையாண்டி?" என்று ராகேல் அவர் பக்கம் திரும்பினாள்.

"உள்ளதாக்கும். இந்த நாட்டுல எந்தப் பொம்பளையும் நடக்க மாட்டா."

"சரி. பஸ் நிக்க இடத்துல மாடன் கோயில் இருக்கு. அதுக்கு முன்னால ஒரு பாதை, விலகி வளைஞ்சு ஒரு பாதை. அந்த வளைஞ்ச பாதை யாரு போட்டது?"

"யாரும் போடல்ல. பொம்பளைய நடந்து நடந்து விழுந்தது."

"இங்க தாத்தா காலந்தொட்டு மாடன் உண்டு, ஊருக்கே தெரியும்னு நீங்க சொன்னிய. இந்த ஊர்ப் பெண்கள் தண்ணிக்குப் போறது இந்தப் பாதையில. அவ்வளவு பேரும் மாசம் முப்பது நாளும் சுத்தமாவா இருந்தாங்க?"

ஆண்கள் எல்லோருக்கும் தரையில் பார்க்க ஏதோ கிடைத்தது.

"வளைஞ்ச பாதை எங்க?" என்றாள் ராகேல். "சனிக்கிழமை ஒரு பிள்ளை விலகிப் போகணும்னு நினைச்சா. அவளுக்குத் தடம் இல்லை. முள்ளுல சேலை கிழிஞ்சதுதான் மிச்சம். இத்தனை காலத்துல ஒரு பொம்பளை கால் விலகல்ல. ஏன்னா பாத்து விலகுறதுக்கு இங்க மாடன் இருந்ததே இல்லை."

நாகம்மை தலை நிமிர்ந்து பாதையைப் பார்த்தாள். சாலையிலிருந்து சானல் வரைக்கும் அது நேராகக் கிடந்தது.

"எறும்பைக் கேட்டாலும் சொல்லும். சுண்ணாம்பில கருப்பட்டித் தண்ணி விட்டுக் குழைச்ச சாந்து. இனிப்பு இன்னும் போகல்ல. பழத்தை விட்டுட்டு எறும்பு சாந்துக்குப் போகுதுன்னா அந்தச் சாந்துக்கு வயசு சில நாள்தான். சுண்ணாம்பு யூஜின் வீட்டுது."

"அப்ப கெட்டினது அவன்தான்" என்றார் பகவதியப்பன்.

"யூஜினுக்கு நாகம்மை இடத்தை விட்டு ஓடணும். ஆனா மாடன் ஓடச் சொல்லல்லியே. வீடு கெட்டிக்கோ, எனக்கு வழி விடுன்னுதான் சொன்னாரு. அதுவும் எந்த வழி?"

கூட்டத்தைப் பார்த்து அவள் கேட்டாள்: "மாட்டுவண்டி போற பாதையை நீங்க என்ன சொல்லுவிய?"

"வண்டித்தடம்" என்றான் ஒருவன். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

"மாடன் சனிக்கிழமை எங்கிட்ட வண்டித்தடம் கேக்கல்ல. வண்டிவழி கேட்டாரு. அது ஆதாரம் எழுதுகவங்க சொல்லு. கொடைக்கு வாறவங்க நடந்துதான் வருவாங்க, மாடனுக்கு வண்டி எதுக்கு? போன ஆவணியில, பின்பக்கத்துக்கு வண்டிவழி வைக்கணுமான்னு என் ஆபீசுல நான் கேட்டேன். அந்தச் சொல்லு காதுல விழுந்தது ரெண்டு பேருக்கு. ஒண்ணு நாகம்மை, அவங்களுக்கு அது விளங்கல்ல. இன்னொருத்தர் சானல்கரை இருக்குன்னு சிரிச்சாரு. ஐப்பசியில கரை இடிஞ்சுது. காய் தோப்புக்குள்ளேயே முளைக்குது. வண்டி போகாத தோப்பை விக்கவும் முடியாது."

பகவதியப்பன் துண்டை எடுத்து உதறினார். "சொல்லை வச்சா கேசு?"

"இல்லை. கல்லை வச்சு. காணாமப் போன எல்கைக்கல்லு அவ்வளவு கனம். தூக்கிட்டுப் போனா வழியில யாராவது பாப்பாங்க. பீடத்துக்கும் நடுவுல ஒரு கல்லு வேணும். நட்ட கல்லை அசைக்காம அதைச் சுத்தியே பூசிட்டா ரெண்டும் தீந்துது. உடைச்சுப் பாக்கலாம்."

உடைக்கலாம் என்று சொல்லிவிட்டாள். உடைப்பது யார்? கூட்டம் ஓரடி பின்வாங்கியது. யூஜின்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ராகேல் தானே குனியப் போனாள்.

"நீங்க வேண்டாம். நீங்க உடைச்சா, வேதக்காரி உடைச்சான்னு நாளைக்குச் சொல்லுவாவ."

நாகம்மை பாதையில் வந்துகொண்டிருந்தாள். விலகாமல், முள்ளில் இறங்காமல், நேராகப் பீடத்தின் முன்னால் வந்து நின்றாள். கூட்டத்தில் ஒரு கிழவர் "ஏட்டி, வேண்டாம்" என்றார். அவள் பஸ் நிற்கும் ஆலமரப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

"மாடா, நீ இருக்கது அங்க. இங்க இல்லன்னு தெரிஞ்சுதான் அடிக்கேன்."

யூஜினின் கடப்பாரையை வாங்கி ஓங்கினாள். முதல் அடியில் சாந்து பெயர்ந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு, பச்சை மண், அதற்குள் கூட்டம் கூட்டமாக எறும்பு. மூன்றாவது அடியில் இரும்பு கல்லில் மோதி ஒலித்தது. சர்க்கார் வெட்டிய அடையாளத்தோடு எல்கைக்கல் வெளியே தெரிந்தது. நட்ட இடத்திலிருந்து அது அசையவே இல்லை.

சுடலையாண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"குடிசையைப் பிரிச்சுப் போடுவேன்னு சொன்னாரு தாயி. நான் எங்க போவேன்? என்ன சொல்லணும்னு அவருதான் படிச்சுத் தந்தாரு. அந்தச் சொல்லு எனக்கு வாயில நுழையவே இல்லை, பத்துத் தடவை சொல்லிப் பாத்தேன்."

ராகேலுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அந்த மனிதர் மேல் இரக்கமும் வந்தது. எல்கைக்கல்லை மறைத்தால் என்ன தண்டனை என்று பகவதியப்பனுக்கு எடுத்துச் சொன்னாள். குடிசையில் கை வைத்தால் அதற்கும் சேர்த்து என்ன ஆகும் என்றும் சொன்னாள். பகவதியப்பன் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு நாகம்மையைப் பார்க்காமல் பேசினார்.

"தோப்பை இப்ப யாரும் திரும்பிப் பாக்க மாட்டான். வேற வழி தெரியல்ல."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே அண்ணாச்சி" என்றாள் நாகம்மை. "கேட்டிருந்தா ஒரு வண்டி போக விட்டிருப்பேன். நான் கடை வச்சுப் பிழைக்கவ. வண்டிக்காரன் வந்தாத்தானே எனக்கு யாவாரம்."

அவர் துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கேசு குடுக்கணுமா?" என்று ராகேல் கேட்டாள்.

"வேண்டாம். இந்த மண்ணை அவரே கையால வாரி எடுக்கட்டு. யூஜினுக்குச் சுண்ணாம்பு திருப்பிக் குடுக்கட்டு."

"வழி?"

நாகம்மை கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு யோசித்தாள்.

"நடைவழி ஊருக்கு உள்ளதாக்கும். நடந்து போகட்டு. வண்டிவழி கிடையாது." அந்தச் சொல்லை அவள் ராகேலைப் போலவே அழுத்திச் சொன்னாள்.

பங்குனிக்குள் முதல் வீடு எழுந்தது. கன்னிமூலையை ஒட்டித்தான் நாகம்மை அடுப்பைப் போட்டாள். சுடலையாண்டி அங்கே தண்ணீர் மொண்டு கொடுத்துச் சாப்பிட்டார். பகவதியப்பனின் தேங்காய் தலைச்சுமையாகவே வெளியே போயிற்று. கூலிக்காரர்களுக்குப் பின்னால் அவரும் தினமும் அந்த வழி நடந்தார். அடுப்புப் பக்கம் வந்ததும் அவர் கால் தானாக விலகும். நாகம்மையைப் பார்க்கக் கூசித்தான் விலகினார் என்று சிலர் சொன்னார்கள், மாடனுக்குப் பயந்து என்று சிலர் சொன்னார்கள். அடுத்த வருஷம் வேறொரு கிரயத்துக்காக ராகேல் அந்தப் பக்கம் போனபோது குடையை விரித்துக்கொண்டு நின்று பார்த்தாள். சாலையிலிருந்து நேராக வந்த ஒற்றையடிப்பாதை அந்த மூலையில் இப்போது வளைந்து போனது.